முகம் தெரியவில்லை

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் பள்ளிக்கூடம். ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே பாடம் நடத்தி, நின்றுகொண்டே வீடு திரும்புகிற கணக்கு டீச்சர் நான். எனக்கு எதுவும் உடைத்துச் சொன்னாற்போல் இருக்க வேண்டும். விடை சரி, இல்லையா, தப்பு. இரண்டுங்கெட்டானாக எது வந்தாலும் கோபம்தான் வரும். எங்கள் பள்ளிக்குக் கணினி அறை வந்ததிலிருந்து அந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கிறேன்.

பிள்ளைகள் அந்த அறைக்குள் செருப்போடு போவதில்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே கழற்றிவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எல்லா மடிக்கணினிகளையும் துடைத்துத் திறந்து வைத்தாள். திரைக்கு மேலே, நெற்றி என்று தோன்றுகிற நட்டநடு இடத்தில், சந்தனத்தைக் கெட்டியாக அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தாள். என்ன நேர்த்தி! வாய்விட்டே பாராட்டினேன். பொரிகடலை தின்றோம், கதவைப் பூட்டினோம், லீவுக்குப் போனோம். பூஜைக்கு வைத்த பொட்டை எங்கள் பக்கத்தில் யாரும் அழிக்க மாட்டார்கள். தானாக உதிர்ந்தால்தான் உண்டு.

லீவு முடிந்த கையோடு அதே பெண்ணுக்கு ஒரு தேர்வு இருந்தது. தங்கிப் படிக்கிற ஒரு நல்ல பள்ளியில் இடம் பிடிக்க, கணினியிலேயே எழுத வேண்டிய தேர்வு. எங்கள் பள்ளியிலிருந்து இவள் ஒருத்திதான். கணக்கில் புலி. அம்மா நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை ஆயக் கூலிக்குப் போகிறவள், அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்குள் கணினி பிள்ளையின் முகத்தைப் பார்த்து உள்ளே விட வேண்டும். விடாவிட்டால் அவ்வளவுதான், இடம் போச்சு.

கணினி விடவில்லை. "முகம் தெரியவில்லை. வெளிச்சத்தில் அமரவும்" என்றது. ஜன்னலைத் திறந்தோம். அதையே சொன்னது. இடத்தை மாற்றினோம், கணினியையே மாற்றினோம். மூன்றாவதும் அதே பாட்டைப் பாடியது. என் முகத்தைக் காட்டிப் பார்க்கலாம் என்றால், வேறு முகம் தெரிந்தால் தேர்வு ரத்து என்று விதியில் போட்டிருந்தார்கள். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி சொன்னால் கோளாறு கணினியிலா இருக்கும்? பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் வந்தது.

முடியை ஏற்றிக் கட்டச் சொன்னோம். முகம் கழுவி வரச் சொன்னோம். அப்போதுதான் அறிவியல் டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி இல்லீங்களா, அதான் மிசினு எடுக்கல போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா டீச்சர் பேசறீங்க? நீங்களும் நானும் மட்டும் இன்னா கலரு?" என்று கத்திவிட்டேன். சரி, வேறு வழி சொல் என்றால் என்னிடமும் வழியில்லை. மணி பத்தேகாலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார். அந்தப் பெண் முகத்தை நீட்டினாள்.

வராந்தாவிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "எதுக்குங்க டீச்சரம்மா பவுடரு? போட்டோ புடிக்கறீங்களா?" அறிவியல் டீச்சர் இன்னொரு கை பவுடரை அப்பினார்.

பவுடர் போட்ட பிறகும் அதே வரிதான் வந்தது. பெண்ணின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "சாமி, என்ன உள்ள உட்டுடு சாமி" என்று முனகிக்கொண்டே, திரைக்கு மேலிருந்த பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடி தொட்டாள், அழுத்தி. பொட்டு பொலபொலவென்று உதிர்ந்தது. சட்டென்று திரையில் அவள் முகம் வந்தது. பச்சை டிக் விழுந்தது.

"பாத்தீங்களா, பவுடர் போட்டதும் எடுத்துக்கிச்சி!" என்று அறிவியல் டீச்சர் கைதட்டினார். "சாமி கேட்டுச்சு" என்று அம்மா கும்பிட்டாள். நான் அந்தப் பெண்ணின் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தேன். உதிர்ந்த இடத்தில் குட்டிக் கண்ணாடிப் புள்ளி ஒன்று மின்னியது. அடக் கடவுளே, கேமராவின் மேலேயே பொட்டு! எல்லாக் கணினியிலும்!

முதல் கேள்வி வந்துவிட்டது. அவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள். "டீச்சர், மூஞ்சி அரிக்குது. பவுடர தொடச்சிடட்டுமா?"

காரணம் எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனாலும் தேர்வு முடிகிறவரை கேமரா அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முகத்தை மாற்றினால் மறுபடி ஏதாவது சொல்லித் தொலைக்குமோ என்று பயம். "வேணாம்மா, இருக்கட்டும்" என்றேன். மின்விசிறி ஓடியும் அவளுக்கு வியர்த்தது. வியர்வை பவுடரில் கோடு கோடாக இறங்கியது. கடைசிக் கேள்வி வரை கையை முகத்தருகே கொண்டு போகவேயில்லை.

இடம் கிடைத்துவிட்டது, ஜூனில் போய்ச் சேர்ந்தாள். பொங்கல் லீவில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். முகம் முழுக்கப் பவுடர். கழுத்தில் புதுப் பள்ளியின் அடையாள அட்டை, அதில் கணினி அன்றைக்குப் பிடித்த அதே வெள்ளை முகம்.

"லீவுல கூட எதுக்கும்மா இவ்வளவு பவுடரு?"

"பழகிக்கிச்சி டீச்சர். அங்க தெனமும் மிசின்ல மூஞ்சி காட்டணும். போட்டுக்கினுதான் போவேன்."

"அய்யோ பைத்தியமே, அன்னைக்குக் கேமராவ மறைச்சது நீ வெச்ச பொட்டும்மா! பவுடருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் பாத்தேனே."

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பவே பாத்தீங்களா டீச்சர்?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் தொடைக்க வேணாம்னு சொன்னீங்க?"

அவள் பஸ் வந்தது. பதிலுக்காக ஏறாமல் நின்றாள். கண்டக்டர் விசிலடித்தார். "ஏறும்மா, அப்புறம் சொல்றேன்" என்றேன்.