ஆற்றுக்கு நான் வைத்த பெயர்

என் நாவலில் ‘பதிரை’ என்ற சொல் நூற்று நாற்பத்தாறு இடங்களில் வருகிறது. எண்ணியிருக்கிறேன். அது ஓர் ஆற்றின் பெயர். அப்படி ஓர் ஆறு எங்கும் கிடையாது. பாலாறு என்றே எழுதியிருக்கலாம். எந்த ஊர், எந்த டேனரி, எந்த முதலாளி என்று யாராவது கேட்டுக்கொண்டு வருவார்களோ என்ற பயத்தில் நானே ஒரு பெயரை உண்டாக்கினேன். ஆம்பூர்ப் பக்கம் முப்பத்தொரு வருடம் பதனிட்ட தோல்களை அளந்து, சதுர அடி குறித்துக் கொடுத்தவன் நான். எதிலும் கால் அடி கூடினாலும் குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

அந்தப் பெயரை நாவல் எழுதிய ஏழு வருடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ‘பல்’ என்று சொல்லும்போது வரும் ப. வேறு விதமாக அதைச் சொல்ல முடியும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அந்த நாவலைப் படமாக எடுக்க விரும்புவதாகவும், அதுதான் தன் முதல் படம் என்றும் சொன்னாள். “சார், பதிரைங்கிற பேரே எவ்ளோ அழகா இருக்கு!” என்றாள். ‘பஸ்’ஸில் வரும் ப. எனக்குச் சட்டென்று வேறு யாருடைய நாவலைப் பற்றியோ பேசுகிறாள் என்று பட்டது. அன்றைக்கு அரை மணி நேரத்தில் ஒன்பது முறை அப்படியே சொன்னாள்.

ஒப்பந்தத்தில் நான் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு வரிதான். ஆற்றின் பெயரை நான் உச்சரிப்பதுபோலவே படத்தில் உச்சரிக்க வேண்டும். மாறினால் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு. அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஐப்பசியில் மேலே, ஆறு வரும் வழியில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வறண்ட ஆற்றில் வெள்ளம் வரும் காட்சிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த அந்தப் பெண், பத்தரை மணிக்குள் ஆட்களோடு பாலத்துக்கு வந்து சேர்ந்தாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கதையில் வெளியூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவன் கூட்டத்துக்கு நடுவே நின்று, “பதிரையை இப்பதான் முதல் தடவை பாக்கறேன்” என்பான். அந்த நடிகர் பெங்களூரில் வளர்ந்தவர். முதல் தடவை, பஸ் ப. நோட்டில் ஒரு கோடு போட்டேன். இரண்டாம் தடவையும் அதே. ஆறாவது கோடு போட்டபோது டைரக்டர் பெண் என்னிடம் வந்தாள்.

“சார், இங்கயே சவுண்ட் எடுக்கறோம், பின்னாடி டப்பிங் கிடையாது. அவருக்கு வாய் அப்படித்தான் வருது.”

“கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா.”

“நாளைக்குத் தண்ணி இருக்குமான்னே தெரியலை. இது போச்சுன்னா படமே போச்சு சார்.”

“இன்னும் நாலு தடவை பாரு. வரலைன்னா வேற கதை எடுத்துக்கோ” என்றேன். அந்த வயதுப் பெண்ணிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் பேசினேன்.

அவள் நடிகரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, கூட்டம் கத்துவதை முதலில் எடுக்கப் போனாள். தண்ணீரைப் பார்க்க வந்த ஊர்க்காரர்களையே நிற்கவைத்திருந்தாள். என் கணக்கில் ஐம்பத்தெட்டுப் பேர். பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள், அன்றைக்கு லீவு. “எல்லாரும் ‘பதிரை வந்துட்டா, பதிரை வந்துட்டா’ன்னு கத்தணும்” என்று மைக்கில் சொல்லிக் கொடுத்தாள். திருப்பிச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வாயிலும் பல் ப. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கேமரா ஓடியதும் கத்தினார்கள்.

“ஆத்துல தண்ணி வந்துட்ச்சி! ஏய், ஆறு வந்துட்ச்சிடி!”

நிறுத்தி, மறுபடி சொல்லிக் கொடுத்தாள். மறுபடியும் ஆறுதான் வந்தது. மூன்றாவது தடவை யாரோ ‘பதிரை’ என்று தொடங்கிப் பாதியில் சிரித்துவிட, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“இன்னாம்மா இது பேஜாரா கீது?” என்றாள் முன்வரிசையில் மஞ்சள்தூள் பொட்டலத்தோடு நின்ற ஒரு பெண். “வூட்ல பெத்த அம்மாவ யாருன்னா பேரு சொல்லிக் கூப்டுவாங்களா? ஆறுன்னா ஆறு. பாலாறுன்னு பேப்பர்காரன்தான் போடுவான்.”

“அக்கா, நீ உங்க மாமியாரயே பேரு சொல்லித்தான கூப்டுவ?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“அது திட்டும்போதுடி.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கிளம்பும்போது என் மனைவியிடம் நான் என்ன சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “ஆத்துல தண்ணி வந்துட்டுதாம், பாத்துட்டு வர்றேன்.” எழுபத்திரண்டு வயதில் ஒருநாளாவது இந்த ஆற்றை நான் பெயர் சொல்லிப் பேசியிருக்கிறேனா? நூற்று நாற்பத்தாறையும் எண்ணியவன், அதில் எத்தனை ஊர்க்காரர்கள் வாயில் வருகிறது என்று எண்ணவே இல்லை.

டைரக்டர் பெண் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து போனேன்.

“அவங்க கத்துற மாதிரியே கத்தட்டும்மா. பேரை இன்ஜினியர் மட்டும் சொல்லட்டும்.”

“எந்த ப சார்?”

“மேப்புல படிச்சுட்டு வந்தவன். அவனுக்கு எப்படி வருதோ அப்படி.”

அவள் என்னை நம்பவில்லை. நம்பும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லையே. “எழுதிக் கொடுப்பீங்களா?” என்றாள். கோடு போட்ட தாளையே கிழித்து, பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். குரல் மாறிவிட்டிருந்தது.

அடுத்த தடவை பாலமே அதிர்ந்தது. கற்பூரம் ஏற்றினார்கள், மஞ்சள்தூளைத் தண்ணீரில் போட்டார்கள். அதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடிகர் தன் வசனத்தைச் சொன்னார். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே அந்தப் பெயர் மட்டும் ஊருக்குப் புதிதாக வந்தவனைப்போலத் தனியாக நின்றது. என் நாவலில் அது அப்படி நின்றதில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த மஞ்சள்தூள் பெண் என்னிடம் வந்து, “நீங்கதான் கதை எழ்தினவரா?” என்று கேட்டாள். “அது இன்னா பேரு சொல்லிக் குடுத்தாங்க? மறந்துட்ச்சி.”

சொன்னேன். அவள் ஒருமுறை அந்த நடிகரைப்போலவே சொல்லிப் பார்த்தாள். பஸ் ப.

“கரெக்டா சார்?”

“கரெக்ட்டும்மா” என்றேன்.

“நல்லாத்தான் கீது. படம் வரட்டும், எங்க ஷூ கம்பெனியே பாக்க வரும் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து, நாவலின் ஒரு பிரதியை எடுத்து, ஊர்க்காரர்கள் பேசும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் ‘ஆறு’ என்று திருத்தத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை முப்பத்தேழு.