தாம் அக்காவின் முதல் போணி

வியட்நாமின் ஞா சாங் கடற்கரைச் சாலையில் என் காபி வண்டிக்குப் பக்கத்து வண்டி தாம் அக்காவுடையது. மண்சட்டிக் குழிகளில் அரிசிமாவு ஊற்றி, மேலே கணவாய்த் துண்டு வைத்துச் சுட்டு விற்பாள். சுற்றுலா வருபவர்களுக்காக எங்கள் தெருக் கடைப் பலகையெல்லாம் முதலில் ரஷ்ய மொழிக்கு மாறியது, பிறகு கொரிய மொழிக்கு மாறியது. அக்கா மட்டும் மாறவே இல்லை. முதல் போணி சொதப்பினால் அன்று முழுக்க அவள் பக்கத்தில் போக முடியாது.

அன்றைக்கு அவள் ஏற்கெனவே சிடுசிடுவென்று இருந்தாள். மகள் துயெத் ஒரு ரஷ்யனைக் காதலிக்கிறாள். பத்து மணிக்கு அவனை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா சரி என்றால்தான் கல்யாணம்.

"பனிக்குள்ள கொண்டுபோய் வச்சுட்டான்னா, என் பொண்ண நான் எங்கடி போய்த் தேடுவேன்?" என்று என்னிடம் புலம்பினாள்.

அடுப்பு பற்றியதுமே ஒரு வெள்ளைக்காரன் வந்து நின்றான். நெட்டைக் கொக்கு. விலை கேட்டான். சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மறுபடி விலை கேட்டான். அக்காவை மேலும் கீழும் பார்த்தான். "அப்புறம் வர்றேன்" என்று எங்கள் மொழியிலேயே சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

"அட நாசமாப் போறவனே! போணி நேரத்துல வேடிக்கை பாக்கவா வந்த?"

செய்தித்தாளைக் கிழித்துக் கொளுத்தி, பீடை போகட்டும் என்று வண்டியைச் சுற்றிக் காட்டினாள். அதோடு விட்டாளா? எரிகிற காகிதத்தோடு அவன் பின்னாலேயே ஓடி, "நல்லது வா, கெட்டது போ!" என்று கத்தினாள். அவன் திரும்பி, பணிவாகத் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனான். சிரித்த சிரிப்பில் நான் காபியைக் கொட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பத்து மணிக்குத் துயெத் வந்தாள். கூடவே அதே கொக்கு, இஸ்திரி போட்ட சட்டையில்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, இவர்தான் ருஸ்லான். ஆசை தாங்காம காலையிலயே உங்களப் பாக்க வந்தாராம்." துயெத் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். "நெருப்பு காட்டி வரவேற்றீங்களாமே?"

"பின்ன! தெருவே பாத்துச்சு" என்றேன்.

"நீ வாய மூடுடி!"

அவன் குட்டி முக்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, தட்டுத் தட்டாக உள்ளே தள்ளினான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"எம் பொண்ண உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவியா?"

"ஐயோ, அங்க குளிரும்மா. எனக்கு இங்கதான் வேலை. கடல்ல நீச்சல் சொல்லித் தர்றேன்."

எழுந்து, எங்கள் வழக்கப்படி இரண்டு கையாலும் பணத்தை நீட்டினான். "காலைல தப்புப் பண்ணிட்டேன். இப்ப போணி பண்றேன்."

காலையிலிருந்து காத்துக் கிடந்த போணி. அக்காவின் கை தானாகவே நீண்டது. நீண்ட கை அந்தப் பணத்தை அவன் பக்கமே தள்ளியது.

"உள்ள வை, மாப்ள. வீட்டு ஆளு காசு போணியில சேராது."

துயெத் அங்கேயே அழுதுவிட்டாள்.