இருபத்தொரு பூஜ்யங்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதையே திறமை என்று நினைத்துக்கொண்டு பல வருடம் விளையாட்டு ஆசிரியையாகக் காலம் தள்ளிவிட்டேன். திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை. என் விசில் சத்தத்துக்குத் தெருவில் போகிற ஆட்டோக்காரர்கூட பிரேக் போடுவார் என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள்.

அப்போது ஈட்டி எறிகிற பெண் ஒருத்தி என்னிடம் இருந்தாள். பதினோராம் வகுப்பு. அகரத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் அம்மா மட்டும்தான், பக்கத்திலேயே கொஞ்சம் சோளக்காடு. மாநிலப் போட்டியில் மெடல் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு கிடைக்கும். இல்லாவிட்டால் பன்னிரண்டோடு நூல் மில்லுக்குப் போக வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருடம்தான் மதுரையிலிருந்து ஒரு எலும்பு டாக்டர் எங்கள் மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். ஈட்டி, குண்டு, பந்து எறிகிற பிள்ளைகளுக்குத் தோளும் முழங்கையும் எதனால் கெட்டுப்போகின்றன, எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்ச்சி. மாதம் ஒருமுறை வந்து பிள்ளைகளைப் பெஞ்சில் படுக்கவைத்து, கையைத் திருப்பிப் பார்த்து, கோணமானி வைத்து அளந்துகொள்வார். என்னிடம் ஒரு நோட்டு கொடுத்திருந்தார். யார் தினமும் எத்தனை முறை எறிந்தாள், எங்கே வலி என்று அதில் எழுத வேண்டும்.

“என்கிட்ட இருக்கிற மிஷினையெல்லாம்விட உங்க நோட்டுதான் டீச்சர் எனக்கு முக்கியம்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எப்படி நிமிர்ந்து நடந்தேன் தெரியுமா!

ஈட்டி எறிகிற அந்தப் பெண்ணுக்கு முழங்கையின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கியது. டாக்டர் அமுக்கிப் பார்த்தார். “எலும்பைச் சேத்துப் பிடிக்கிற நார் இழுபட்டிருக்கு. இன்னும் கிழியல. மூணு வாரம் எதையும் எறியக்கூடாது. ஆறிட்டா மாநிலப் போட்டி செலெக்‌ஷனுக்குள்ள தயாராகிடலாம்” என்றார்.

நான் அவளைக் கூப்பிட்டு, “ப்ராக்டிஸுக்குக் காலையிலயும் வர வேணாம், சாயங்காலமும் வர வேணாம். பேசாம வீட்ல கிட” என்று அனுப்பிவைத்தேன். அன்றைக்கே நோட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே இருபத்தொரு நாளுக்கும் பூஜ்யம் போட்டு முடித்தேன். ஒன்றின்கீழ் ஒன்றாக, கோடு பிடித்த மாதிரி அழகாக. எறியாத பிள்ளைக்குத் தினமும் என்னத்தைக் கேட்டு எழுதுவது?

மூன்று வாரம் கழித்து, இதற்கென்றே வந்த டாக்டர் முழங்கையைத் தொட்டதும் அவள் ‘அம்மா’ என்று அலறிவிட்டாள். வீங்கியிருந்தது. டாக்டர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எல்லாம் பூஜ்யம்னு இருக்கே. அப்புறம் எப்படி இம்புட்டு மோசமாச்சு?”

எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. அத்தனை பிள்ளைகள் முன்னாலும் கத்தினேன். “எங்கடி போய்த் திருட்டுத்தனமா ப்ராக்டிஸ் பண்ணின?”

“இல்ல டீச்சர்.”

“பொய் சொல்லாத! வாயைத் திறந்தா பொய்!”

அவள் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அகரத்துக்குப் போனேன், அவள் அம்மாவிடம் நாலு வார்த்தை கேட்கலாமென்று. வீடு பூட்டியிருந்தது. சோளக்காட்டுப் பக்கம் ஆள் தெரிந்தது.

வரப்பில் அவள் நின்றிருந்தாள். கதிர் பால் பிடித்திருந்த நேரம், கிளிகள் கூட்டமாக வந்து இறங்கின. காலடியில் குவித்துவைத்திருந்த மண்ணாங்கட்டியில் ஒன்றை எடுத்து வீசினாள். இன்னொன்று. மறுபடி இன்னொன்று. ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு இடது கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யேசுவே! நான் சொல்லிக்கொடுத்த இடுப்புத் திருப்பம், தோள் திருப்பம் எல்லாம் அப்படியே இருந்தன.

பின்னாலிருந்து அவள் அம்மா வந்தார். தூக்குவாளியும் தலையில் முக்காடும், மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு வருகிறார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க டீச்சர். நீங்க ரெஸ்ட்டுன்னு அனுப்பிவிட்டது எங்களுக்குப் பெரிய ஒத்தாசையாப் போச்சு. கிளி வர்றது காலையிலயும் சாயங்காலமுந்தானே? அம்புட்டையும் இவளே பாத்துக்கிறா. நான் நிம்மதியாப் பூவுக்குப் போயிட்டு வாரேன்.”

பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்து, “கனமான வேல ஒண்ணும் கொடுக்கல டீச்சர். தண்ணிக் கொடங்கூட நாந்தான் தூக்குறேன். கிளி வெரட்டுறது மட்டுந்தான்” என்றார்.

நான் மைதானத்திலிருந்து விடுவித்த அதே இரண்டு வேளைகள்தான் கிளிக்கு எறியப் போயிருக்கின்றன. ப்ராக்டிஸில் முப்பது எறிந்தால் போதும் என்று நிறுத்திவிடுவேன். இங்கே நிறுத்துவதற்கு யார் இருந்தார்கள்?

“எத்தன தடவ எறிவே?” என்று அவளிடம் கேட்டேன்.

“எண்ணலையே டீச்சர். கிளி வர்றப்பல்லாம்.”

ஸ்கேனில் நார் கிழிந்திருப்பது தெரிந்தது. செலெக்‌ஷன் அவ்வளவுதான். ஆபரேஷன் செய்யலாம், பழையபடி எறிவாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். “கத்தி வேணாம் சார்” என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

நோட்டை டாக்டர் முன்னால் வைத்து, “இந்த பூஜ்யமெல்லாம் நான் கேக்காமலே எழுதினது சார்” என்றேன். அவர் நோட்டின் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நான் கொடுத்த நோட்டுலயும் வீட்டு வேலைக்குன்னு ஒரு கட்டம் இல்ல டீச்சர்” என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாததுதான் இன்னும் வலித்தது. இருபத்தொன்றையும் அடித்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் ‘தெரியாது’ என்று எழுதினேன். அடுத்த வருட நோட்டில் அந்தக் கட்டம் வந்தது. தினமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மில்லில் வேலை. வலது கை இன்னும் முழுசாக நீளவில்லை. இத்தனை நாள் கேட்க நினைத்ததைக் கேட்டே விட்டேன்.

“அன்னைக்கு எல்லார் முன்னாலயும் பொய்க்காரின்னு திட்டிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா.”

“திட்டினதுக்கென்ன டீச்சர், நீங்க திட்டாத நாளா?” என்று சிரித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. “அந்த மூணு வாரத்துல ஒரு நாள், வீட்ல என்னடி பண்றேன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல.”

மில் வண்டி வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.