அப்பாவை அடக்கம் செய்த டான்ஸ் பாட்டு

நான் வசிக்கும் பிரெஞ்சு ஊரில் வயதானவர்கள் மத்தியானம் மூன்று மணிக்கு டான்ஸ் ஆடுகிறார்கள். முனிசிபாலிட்டி ஹாலில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் இதற்கு ‘தே தான்சான்’ என்று பெயர். தேநீரும் ஆட்டமும் என்று அர்த்தம், ஆனால் தேநீர் பேருக்குத்தான். வெளியே பட்டப்பகல்; உள்ளே எழுபது எண்பது வயதுக்காரர்கள் பூட்சுக்குப் பாலிஷ் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, ஜோடி ஜோடியாகச் சுற்றுவார்கள். எங்கள் புதுச்சேரி முதலியார்பேட்டையில் மூன்று மணி என்றால் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஃபேனுக்கு நேராகப் பாயைப் போடுகிற நேரம். அந்நேரத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இடுப்பை வளைத்து ஆடினால், பெற்ற பிள்ளைகளே அவரை ஆட்டோவில் ஏற்றி வில்லியனூர் மாதாவிடம் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவள். பக்கத்து வீட்டு மதாமின் தொல்லை தாங்காமல்தான் அந்த ஹாலுக்குப் போக ஆரம்பித்தேன். ஆடுவதற்கல்ல, அங்கே ஆப்பிள் கேக் நன்றாக இருக்கும். போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய், கேக்கை வாயில் வைக்கப்போன நேரத்தில் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு ஓடியது. நாலைந்து ஆண்கள் வாயாலேயே ‘தும் தும் தூவா’ என்று தாளம் போட, ஒருவன் மட்டும் மேல் குரலில் உருகுகிற ரகம். ஏதோ விர்ரென்று போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அடிக்குரல்காரன் உள்ளே வந்தான். வந்த மாத்திரத்தில் நான் தட்டைக் கீழே வைத்து, எழுந்து நின்று, சிலுவை போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

என்னை ஆட அழைக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்த ஒரு முசியே பதறிப்போனார். “யாராவது தவறிவிட்டார்களா, மதாம்?” என்று கேட்டார். “என் அப்பா,” என்றேன். “எப்போது?” “ரொம்ப வருஷம் ஆகிறது. இந்தப் பாட்டோடுதான் போனார்.” அவர் கண்கள் விரிந்தன. “ஆடிக்கொண்டிருக்கும்போதா! எவ்வளவு அழகான சாவு!” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவசரத்தில் எனக்குப் பிரெஞ்சு வராது. இல்லை என்று சொல்ல வாக்கியத்தைக் கூட்டி முடிப்பதற்குள் செய்தி ஹால் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஊரில் நான், டான்ஸ் ஆடியபடியே உயிரை விட்டவரின் மகள். இறைச்சிக் கடைக்காரர்கூட எனக்கு ஒரு துண்டு கூடுதலாகப் போடுகிறார்.

நடந்தது வேறு. அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு, கெட்டுப்போன ஒரு முழங்காலோடும் பென்ஷனோடும் முதலியார்பேட்டைக்குத் திரும்பியவர். வரும்போது கப்பலில் ஒரு ரெக்கார்டு பிளேயர் கொண்டுவந்தார். பெரிய ரெக்கார்டு மெதுவாகச் சுற்ற வேண்டும், சின்னது வேகமாகச் சுற்ற வேண்டும். அதை மாற்ற ஓரத்தில் ஒரு பிடி உண்டு. கப்பலில் எவனோ பெட்டியைத் தூக்கிப் போட்டதில் அந்தப் பிடி உடைந்து, மெதுவிலேயே மாட்டிக்கொண்டது. பார்ட்ஸ் பிரான்சிலிருந்துதான் வர வேண்டும் என்று ரிப்பேர்க்காரர் கையை விரித்தார். “சுத்துது இல்ல, போதும்,” என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த ரெக்கார்டுகள் எல்லாம் பெரியவை, சின்னது ஒன்றே ஒன்று. அதுதான் அந்தப் பாட்டு. ஆக, அது எங்கள் வீட்டில் ஆரம்பத்திலிருந்தே இழுத்து இழுத்துத்தான் ஓடியது. உருகுகிறவன் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி உருகினான். அடிக்குரல், எருமை கிணற்றுக்குள் விழுந்து கூப்பிடுவதுபோல் இருக்கும்.

என் அண்ணனுக்குப் பாஸ்போர்ட்டில் பெயர் அந்துவான், தெருவில் அந்தோணி. அவருக்கு அந்த எருமைக் குரல்மேல் ஆசை. கோயில் பாட்டுக் குழுவிலிருந்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு நால்வராக அந்தப் பாட்டைப் படித்தார்கள். ரெக்கார்டே இழுக்கிறது. கோயில் பாட்டுக்காரர்கள் வாயில் விழுந்தால் எந்தப் பாட்டும் இன்னும் ஒரு பங்கு இழுபடும். கேட்கவா வேண்டும்? வார்த்தைகளில் பாதி வெறும் தூவா. மீதியில் எங்களுக்குப் புரிந்தவை ஏஞ்சலும் ஹெவனும். சம்மனசும் மோட்சமும் வருகிற பாட்டு வேறு எதுவாக இருக்க முடியும்? கல்லறைத் திருநாளில் முதல்முறை பாடியபோதே பெண்கள் அழுதுவிட்டார்கள். அதன் பிறகு தெருவில் யார் செத்தாலும் “அந்தோணியக் கூப்புடு” என்று ஆகிவிட்டது. நான் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போவதற்கு முந்தின வருஷம் அப்பா போனார். படுக்கையில் கிடந்தபோது அவரே கேட்டுக்கொண்டபடி அண்ணன் அதைத்தான் குழிமேட்டில் நின்று பாடினார். குழி வெட்டினவர்கூட மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பல வருஷம் கழித்து அம்மாவுக்கும் அதே பாட்டு.

அடுத்த செவ்வாய், ஹாலில் பாட்டுப் போடுகிறவரிடம் போய் அதையே கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னேன். அப்பா ஆடிச் செத்த கதையை மதித்து அவரும் ஓட்டினார். சுற்றிக்கொண்டிருந்த ஜோடிகள் கால் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். எனக்கோ அப்பாவின் அடக்கம் அப்படியே கண்முன் வந்தது. அந்த உடைந்த பிடி செய்த வேலை முழுக்க அப்போதுதான் புரிந்தது. டிராமில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். யோசித்துப் பார்த்தால், அந்த ஹாலில் ஆடுகிறவர்களுக்கு அந்தப் பாட்டு அவர்களுடைய இருபது வயது. எனக்கு அது கல்லறை மண் வாசனையும் அண்ணனின் நடுங்குகிற தொண்டையும். ஆனால் கண் கலங்குவதென்னவோ இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான், அடிக்குரல்காரன் நுழையும்போது.

சிரிப்பு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. ஜனவரியில் அப்பாவின் நூறாவது பிறந்த நாள். காலையில் பூசை, மத்தியானம் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு. பிரான்சிலிருந்து பேரன் பேத்திகள் எல்லோரும் டிக்கெட் போட்டாகிவிட்டது. விசேஷத்தின் உச்சம் அண்ணனின் பாட்டு. நால்வரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் அண்ணனும், உழவர்கரையில் பல்செட்டோடு இருக்கும் சவரியும்தான். இரண்டு பேரும் போனில் எனக்கு ஒத்திகையே பாடிக் காட்டினார்கள். உங்களில் பிரான்சில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் பிள்ளைகள் கல்யாணங்களில் நடுராத்திரிக்கு மேல் இந்த மாதிரிப் பழைய பாட்டைத்தான் போட்டுக் குதிப்பார்கள் என்று. அண்ணன் கண்ணை மூடி அதைத் துக்கமாகப் பாட, அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் சிரிக்கலாம். அவர்கள் சிரிக்கக் கூடாது.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னாலேயே அவரும் ஒருமுறை பிரான்சுக்குப் போனார். ஒரே ஒரு குளிர்காலம். “இந்த ஊருல சூரியனே லீவு போட்டுட்டு எங்கியோ பூட்டுது,” என்று சொல்லித் திரும்பிப் போய், தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றார். பெரிய பதவி இல்லை, பெரிய வீடு இல்லை. தெருவில் அவருக்கு இருக்கிற மரியாதை முழுக்க அந்தக் குரலுக்கு. அதனால் முன்னாலேயே தனியாகச் சொல்லிவிடுவதென்று, ஒரு வாரம் முன்னதாகவே புதுச்சேரிக்குப் போய் இறங்கினேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். “அண்ணே, ஒன்னு போடறேன், கேளு. கோவப்படாத,” என்று போனில் பாட்டைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சுளித்தது. “யாரு இவனுங்க? நம்ம பாட்ட கெடுத்து வெச்சிருக்கானுங்க.”

“கெடுக்கல அண்ணே. பாட்டே இதான்.” உடைந்த பிடியின் கதையைச் சொன்னேன்.

திரும்பப் போடச் சொன்னார். பாட்டு போகப் போக அவர் வலது கால் கட்டைவிரல் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு இடது காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “அப்ப இது டான்ஸ் பாட்டா?”

“ஆமாண்ணே.”

“டான்ஸ் பாட்டு பாடியா அப்பாவ பொதைச்சேன்? அம்மாவ? கோடி வீட்டு மரியம்மாள? அந்தம்மா பாவம், கன்னியாஸ்திரி கணக்கா வாழ்ந்துச்சு.” தெருவில் செத்துப்போனவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “நான் பாடல. சவரிக்கு போன் போட்டுச் சொல்லிடு.”

சிரிப்பிலிருந்து அவரைக் காப்பாற்றப் போய் வாயையே அடைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் சுறாப்புட்டைத் தொடவில்லை. மறுநாள் மீன் குழம்பையும் தொடவில்லை. அண்ணன் மீனைத் தள்ளிவைத்தால் வீட்டில் விஷயம் பெரிது என்று அர்த்தம். எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

செலின் அண்ணி விசேஷத்துக்காக எங்கள் ஊர் விவிக்கம் கேக்குக்கு முந்திரி நறுக்கிக்கொண்டிருந்தார். “என்ன மார்த்தா, உங்க அண்ணனுக்கு என்னா ஆச்சு?” என்று கேட்டார். சொன்னேன். அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஹாலில் படுத்திருந்த அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

“இதுக்கா ரெண்டு நாளா சோறு எறங்கல? மாமாவுக்குத் தெரியுமே அது டான்ஸ் பாட்டுன்னு.”

“என்னாது?” என்றார் அண்ணன்.

“மர்சேய்ல கப்பலுக்குக் காத்துகினு இருந்தப்ப ஒரு ஹால்ல ஒரு மதாம்கூட ஆடனாராம். அந்த ஞாபகத்துக்குத்தான் ரெக்கார்ட வாங்கனாராம். நீங்க கம்பெனிக்குப் போனப்புறம் என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

“மெதுவா ஓடுதுன்னும் தெரியுமா?”

“தெரியாம என்ன? ‘அவனுங்க பாடற வேகத்துக்குத்தான் என் முட்டி தாங்கும், நான் போறப்ப அதையே பாடட்டும்’ன்னாரு.”

“இத்தன வருஷமா ஏன்டி சொல்லல?”

“மாமிக்குத் தெரியக்கூடாதுன்னு மாதாமேல சத்தியம் வாங்கிட்டாரு.”

“அம்மா செத்தே எவ்ளோ வருஷம் ஆவுது!”

“சத்தியத்துக்கு எக்ஸ்பைரி டேட்டா போட்டுக் குடுத்தாரு?” என்று அண்ணி மறுபடி முந்திரியை எடுத்துக்கொண்டார்.

அப்பா இதை மகளிடம் சொல்லாமல் மருமகளிடம் சொன்னாரே என்று எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அருகில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வடிய. “கெழவன் கேட்டு வாங்கிகினு போயிருக்காரு பாரு,” என்றார். பிறகு என் போனை வாங்கி இன்னொரு முறை போட்டு, அடிக்குரல் வரும் இடத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். கூடவே பாடிப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. “மார்த்தா, இவன் இவ்ளோ மேலயா பாடறான்? அப்ப அந்த அமெரிக்காக்காரன விட நான் கீழ போயிருக்கேன்!” அண்ணியிடம் திரும்பினார். “செலின், அந்தக் கொழம்ப சூடு பண்ணு.”

ஆனாலும் மண்டபத்தில் அவர் மைக்கைப் பிடித்தபோது நான் பிள்ளைகள் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு பக்கம் பிரான்சிலிருந்து வந்தவர்கள், பாட்டிலும் கிளாசுமாக. மறுபக்கம் தெருக்காரர்கள், இலையில் பிரியாணியோடு. “எங்கப்பா ஆடன பாட்டு,” என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் ஆரம்பித்தார். வேகத்தை மாற்றவில்லை. சவரி ஒவ்வொரு தூவாவுக்கும் பல்செட்டை உதட்டால் பிடித்துக்கொண்டு மேல் குரலை எடுத்தார்.

முதல் வரி முடிவதற்குள் தெருக்காரர்கள் நாற்காலியைத் தள்ளி எழுந்தார்கள். எத்தனை சாவுக்குக் கேட்ட பாட்டு! ஆண்கள் கைகட்டி நின்றார்கள், பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து மறுபக்கமும் எழுந்தது. பிரான்சில் இவ்வளவு மெதுவான பாட்டுக்கு ஒரே ஒரு வேலைதான். ஜோடியாகக் கட்டிக்கொண்டு ஆடுவது. அதற்கு ‘ஸ்லோ’ என்றே பெயர். என் பேத்தி அவள் சிநேகிதன் தோளில் சாய்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு யாரும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்த அண்ணனுக்கு மண்டபமே தனக்காக எழுந்து நிற்பதாகத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடி, இதுவரை போகாத இடத்துக்கு ஒரு படி இறங்கினார். ஸ்பீக்கர் பெட்டி அதிர்ந்தது.

நான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றிருந்தேன். என் பிரெஞ்சு மருமகன் நிக்கோலா வந்து, குனிந்து, கையை நீட்டினான். பின்னாலிருந்து சித்தி மகள் ரோசி, “தலையில முந்தானையப் போடு மார்த்தா, அப்பா பாட்டு,” என்று என் புடவையை இழுத்தாள். முந்தானையைப் போட்டுக்கொண்டேன். வலது கை நிக்கோலாவிடம் இருந்ததால் இடது கையால் சிலுவை போட்டேன். “எடது கையிலயாடி!” என்று ரோசி அதட்டினாள். “ஒரு அடி எடுத்து வையுங்கள், மதாம்,” என்று நிக்கோலா காதருகே பிரெஞ்சில் சொன்னான். எந்தப் பக்கம் என்று அவனிடம் தமிழில் கேட்டேன்.