தொட்டுப் பார்க்கிற ரூம்

அந்த ரூமை நான்தான் திறப்பேன், நான்தான் பூட்டுவேன். சாவி என் முந்தானையில் முடிஞ்சிருக்கும். ஹெட்மாஸ்டரே வந்தாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் உள்ளே போகணும். பெருமைக்குத்தான் சொல்றேன், வேற எதுக்கு?

உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துல சத்துணவு போட ஆரம்பிச்ச சமயம். நான் அங்கே பெருக்குகிற வேலை பார்த்தேன். பெருக்குறவளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆயாம்மான்னுதான் பேரு. எனக்கு அப்போ நாற்பது வயசுகூட ஆகலை, தலையில் ஒரு நரை கிடையாது. ஆனாலும் ஆயாம்மா.

சயின்ஸ் டீச்சர் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாங்க. என்னை அக்கான்னு கூப்பிட்டது அந்தப் பள்ளிக்கூடத்தில் அவங்க ஒருத்தர்தான். கிணத்துப் பக்கம் சும்மா கிடந்த ஒரு நீட்டு ரூமைக் கேட்டு வாங்கி, பட்டணத்து மியூசியம் மாதிரி ஆக்கணும்னு அவங்களுக்கு ஆசை. சுவரெல்லாம் அட்டைப் படம். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே சாமான். வாசலில் ஒரு பலகை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். நின்று நிதானமாப் படிச்சேன். தொ, டா, தீ, ர், க, ள்.

படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க தெருவுக்காரங்க பொறந்ததிலேருந்து கேட்கிற வார்த்தை அது. அதைப் பலகையில் வேற எழுதணுமா?

ரெண்டு மாசம் போச்சு. ஒருநாள் டீச்சர் கேட்டாங்க, "இன்னாக்கா, புள்ளைங்க நல்லா பார்க்கறாங்க இல்ல?"

"எங்க பார்க்கறாங்க? இந்தச் சுவர்ல கீற படம் ஒண்ணுத்தையும் பார்க்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் தொடைக்கறேன், எனக்குத் தெரியாதா? படத்துக்கு முன்னாடி தரையில கால் அழுக்கே இல்ல. அந்தப் பறவை முட்டை வெச்ச பொட்டி கீது பாருங்க, அதுக்கு மட்டும் கண்ணாடியில மூக்கு அழுக்கு. தெனமும் தொடைக்கிறேன். யாரும் இல்லாதப்ப அந்த மூலையில கீற சைக்கிள் வீலைச் சுத்திட்டுப் போறாங்க. கம்பியில எண்ணெய்க் கை."

டீச்சர் போய் அந்த வீல் கம்பியை விரலால் தடவிப் பார்த்தாங்க. அப்புறம், "நாளையிலேருந்து நான் பார்க்கறதுக்கு முன்னாடி எதையும் தொடைக்காதீங்க" என்றாங்க. தொடைக்காதேன்னு சொன்ன எஜமானியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அன்னியிலிருந்து தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் ரூமைச் சுத்தி வருவோம். எங்கே கை பட்டிருக்கு, எங்கே கால் நின்னிருக்குன்னு நான் காட்டுவேன். டீச்சர் நோட்டில் எழுதுவாங்க. ஒரே வாரத்தில் அந்தப் பலகை அடுப்புக்குப் போச்சு. கண்ணாடிப் பெட்டியில் பாதியைத் தூக்கிட்டோம்.

அப்புறம் பாருங்க, எங்களுக்கு வேகம் பிடிச்சது! ராத்திரி படுத்தால்கூட அதே நினைப்புதான். ஊர்க் கொல்லர் பழைய மோட்டாரில் இருந்த பால்ரஸ் உருண்டையைப் போட்டு ஒரு சுத்துற ஸ்டூல் செய்தார். அதில் உட்கார்ந்து, சைக்கிள் வீலின் அச்சை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கணும். ஒருத்தர் வீலை வேகமாச் சுத்தி விடணும். நீங்க வீலைச் சாய்ச்சால், தள்ள ஆளே இல்லாமல் ஸ்டூல் தானாத் திரும்பும். முதல்ல என்னைத்தான் உட்கார வெச்சாங்க. நான் போட்ட கூச்சலில் ஏழாங்கிளாஸ் பாடம் நின்னுபோச்சு.

அடுத்தது நெம்புகோல். டீச்சர் அதைத் தாளில் வரைஞ்சு காட்டினாங்க. "இது நம்ம தண்ணி எறைக்கிற ஏத்தம்தானே டீச்சர்" என்றேன். கரண்ட் மோட்டார் வந்ததிலிருந்து வயக்காட்டில் ஒரு ஏத்தக்கழி மழையில் கிடந்தது. கேட்டு வாங்கி நாலு பேர் தூக்கி வந்தோம். இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டையை நட்டு அதுமேலே கழியைப் பூட்டினோம். குட்டைப் பக்கத்தில் ஒரு ஆட்டுக்கல்லைக் கட்டினோம். நீட்டுப் பக்கம் நுனியில் ஒரு கயிறு போதும்னு டீச்சர் சொன்னாங்க.

"ஒரு கயிறு போதாது டீச்சர். ஒண்ணைப் புடிச்சு இஸ்த்தா, கழிக்குத்தான் பலம்னு புள்ளை நெனைச்சுக்கும். கட்டைக்குக் கிட்ட ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு கட்டுங்க. கிட்ட இஸ்த்தா நவுராது. கடைசியில இஸ்த்தா பஞ்சு மாதிரி வரும். எதனாலன்னு அதுவே கேக்கும்."

டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அக்கா, நான் காலேஜ்ல படிச்சது மூணு வருஷம்" என்று மட்டும் சொன்னாங்க.

புள்ளைங்க அதுக்கு வெச்ச பேருதான் தொடுற ரூம். மணி அடிச்சால் அங்கேதான் ஓட்டம். ஊர்த் தெருப் புள்ளையும் எங்க தெருப் புள்ளையும் ஒரே கயிற்றில் தொங்கிச்சு. கிட்டக் கயிற்றில் கல்லு எழும்பணும்னா ஆள் பலம் வேணுமே, அந்த நேரத்தில் யார் தெரு பார்க்கறது?

இப்படி இருக்கும்போதுதான் அரிசி வந்தது. சத்துணவு அரிசியை வெக்க இடமில்லை, வராந்தாவில் அடுக்கியிருந்தது. ஐப்பசி மழை வேற வந்துக்கினே இருந்தது. ஹெட்மாஸ்டர் அந்த நீட்டு ரூமைக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். புள்ளைங்க வயிறு சம்பந்தப்பட்டது, சொல்றதில் நியாயம் இருந்தது. புதன்கிழமை கல்வி ஆபீசர் வராரு, ரூமுக்கு உபயோகம் கீதா இல்லையான்னு அவரே பார்த்துச் சொல்லட்டும்னு முடிவாச்சு. உபயோகம் இல்லைன்னா எங்க சாமானெல்லாம் வெளியே, மூட்டை உள்ளே.

டீச்சருக்குப் பயமே இல்லை. "புள்ளைங்க பண்ற ரகளையை அவர் பார்த்தாலே போதுமேக்கா" என்று சொல்லிட்டு, பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிட்டாங்க.

ஆயுத பூஜை அன்னிக்கு நான் வூட்ல இருந்தேன். பஸ்ஸுக்கு மாலை போட்டுக்கினு ரோட்டில் போறான். பம்ப்செட்டுக்குப் பொட்டு வெச்சுட்டான். மண்வெட்டி, கத்தி, தையல் மிஷின் எல்லாத்துக்கும் பூஜை. என் சாமானுங்க மட்டும் அங்கே அநாதையாக் கிடக்கணுமா? மனசு கேக்கலை. சாவி என்கிட்டதானே! போனேன். கழுவி விட்டேன். ஏத்தக்கழிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஸ்டூலுக்குப் பட்டை பட்டையா விபூதி. சைக்கிள் வீலுக்குக் கம்பிக்குக் கம்பி பொட்டு. கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைச்சுட்டுத் திரும்பிப் பார்த்தேன். கல்யாணக் கூடம் மாதிரி ஜொலிச்சது. அன்னிக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்கணும்.

திங்கட்கிழமை ஆறாங்கிளாஸ் வந்தது. ஓடி வந்த புள்ளைங்க வாசலில் நின்னுடுச்சுங்க. செருப்பு போட்டது செருப்பைக் கழட்டிச்சு. ஒவ்வொண்ணா உள்ளே போய்க் கும்பிட்டது. ஒருத்தி ஏத்தக்கழியைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கினா. மூணு சுத்து சுத்திட்டு எல்லாம் வெளியே வந்துடுச்சு. ஒரு கயிறும் ஆடலை.

நான் ஓடிப்போய் டீச்சரைக் கூட்டிட்டு வந்தேன். டீச்சர் ரூமுக்குள்ளே போனாங்க, மாலையைப் பார்த்தாங்க, முதலில் சிரிச்சாங்க. அப்புறம், "அக்கா, சாமியாக்கிட்டீங்களேக்கா!" என்று ஸ்டூலில் உட்கார்ந்துட்டாங்க. எழுந்தபோது புடவையெல்லாம் விபூதி.

சரி, போனது போகட்டும், அழிச்சுடலாம்னு ரெண்டு பேரும் ஈரத்துணி எடுத்துத் துடைச்சோம். அது அதைவிடப் பேஜாராப் போச்சு. செவ்வாய்க்கிழமை ஒரு புள்ளைகூட வாசப்படி ஏறலை.

"சாமி பொட்டை அழிச்சுட்டாங்கடி. உள்ள போனா கண்ணைக் குத்தும்."

"ஆயாம்மாவுக்குத்தான் மொதல்ல குத்தும்."

எனக்குக் குத்தினால்கூடப் பரவாயில்லை. நாளைக்கு ஆபீசர் வராரே! அன்னிக்கு நான் சோறு சாப்பிடலை. ஒரு வருஷம் ரெண்டு பேரும் யோசிச்சு யோசிச்சு வெச்ச ரூம். அதை என் கையாலேயே மூடிட்டேனே!

புதன்கிழமை ஆபீசர் வந்தார். நல்ல உயரம், கண்ணாடி, மடிப்பு கலையாத சட்டை. வராந்தாவில் மூட்டைமேல் சாரல் அடிக்கிறதைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஆறாங்கிளாஸை டீச்சர் எப்படியோ உள்ளே கூட்டிட்டு வந்திருந்தாங்க. கையைக் கட்டிக்கினு சுவரோரமா வரிசையா நின்னது.

"எங்கம்மா, பிள்ளைங்க தொட்டு, செஞ்சு கத்துக்கறாங்கன்னு சொன்னீங்களே? செய்யச் சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

"போங்கம்மா, போய்க் கயித்தைப் புடிங்க" என்றாங்க டீச்சர். ஒண்ணும் அசையலை. ஆபீசர் ஹெட்மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் அரிசியைப் பார்த்தார்.

நான் விளக்குமாற்றோடு வாசலில் நின்னுக்கினு இருந்தேன். எப்படி உள்ளே போனேன்னு தெரியாது, போயிட்டேன். காவாந்தண்டலம் ஊர்லேருந்து வர்ற பொண்ணு ஒருத்தி முன்னாடி நின்னா. அதுங்களிலேயே வாயாடி அவதான்.

"ஏண்டி, ஆயுத பூஜைக்கு உங்க வூட்ல அருவாளுக்குப் பொட்டு வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

"மறுநாள் அந்த அருவாளை இன்னா பண்ணாங்க? கோயில்ல கொண்டுபோய் வெச்சாங்களா?"

"புல்லு அறுத்தாங்க."

"அருவா கோச்சுக்கிச்சா? உங்கம்மா கண்ணைக் குத்திச்சா?"

பின்வரிசையில் ஒண்ணு களுக்குன்னு சிரிச்சது.

"பொட்டு வெக்கறது கும்பிட்டுட்டுச் சும்மா வுடறதுக்கு இல்லடி. மறுநாள் கையில எடுக்கணும். எடுக்காம வுட்டாத்தான் அதுக்குக் கோவம் வரும். மூணு நாளா யாரும் தொடாம நிக்குது, அதுக்கு எவ்ளோ கோவம் இருக்கும்!"

அவள் யோசிச்சாள். "நீ தொடு மொதல்ல" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்தது. கயிற்றைப் பிடிச்சு இழுத்தால் மட்டும் போதுமா? ஆபீசர் இருக்காருன்னுகூடப் பார்க்கலை. வராந்தாவுக்குப் போய் ஒரு அரிசி மூட்டையின் காதைப் பிடிச்சேன். சத்துணவு சமைக்கிற அம்மா ஓடி வந்து மறு காதைப் பிடிச்சாங்க. "ஏய், ஏய், அது எதுக்கு?" என்றார் ஹெட்மாஸ்டர். "நனையுதில்லங்க ஐயா" என்றேன். ரெண்டு பேரும் தரையோடு இழுத்து வந்து, ஆட்டுக்கல்லை அவிழ்த்துட்டு, ஏத்தக்கழியின் குட்டைப் பக்கத்தில் மூட்டையைக் கட்டினோம்.

கிட்டக் கயிற்றை நான் இழுத்தேன். மூட்டை நவுரலை. புள்ளைங்க கிட்டே வந்தது. நடுக் கயிற்றை இழுத்தேன். கொஞ்சம் புரண்டது, அவ்வளவுதான். மூச்சு வாங்கிச்சு.

"தள்ளு ஆயாம்மா, உனக்குத் தெரியல" என்று அந்தக் காவாந்தண்டலத்துக்காரி கடைசிக் கயிற்றில் தாவித் தொங்கினாள். சுள்ளி மாதிரி உடம்பு. மூட்டை தரையை விட்டு எழும்பிச்சு! ஒரு சாண் இருக்கும், அந்தரத்தில் நின்னு மெதுவாச் சுத்திச்சு. சமைக்கிற அம்மா ரெண்டு கையும் தட்டினாங்க. "எழும்புச்சுடி! எழும்புச்சுடி!" என்று ஒரே கத்தல். அப்புறம் யார் யாரைப் பிடிக்கிறது? கயிற்றுக்கு நாலு பேர், வீலுக்கு ஆறு பேர். ஸ்டூலுக்குச் சண்டை.

ஆபீசர் மூட்டையைச் சுத்தி வந்தார். குனிஞ்சு அடியில் கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடிச்சுக்கினு கயிற்றுப் பக்கம் போனார்.

"சார், வரிசையில வாங்க சார்" என்றாள் அந்த வாயாடி.

போய் நின்னார். நாலு புள்ளைங்களுக்குப் பின்னாடி. முறை வந்ததும் கிட்டக் கயிற்றை இழுத்துப் பார்த்துத் தோத்தார். கடைசிக் கயிற்றை ஒரே கையால் இழுத்துச் சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சார்.

வெளியே வந்து ஹெட்மாஸ்டரிடம் கேட்டார், "உங்க ரூம் நனையாதில்ல?"

"நனையாது சார்."

"அரிசியை அங்க வெச்சுக்கலாமே?"

ஹெட்மாஸ்டர் ஒரு தடவை ரூமைப் பார்த்தார், ஒரு தடவை மூட்டைகளைப் பார்த்தார். "வெச்சுக்கலாம் சார்" என்றார். அந்த மழைக்காலம் முழுக்க அவர் நாற்காலிக்கு ரெண்டு பக்கமும் அரிசி மூட்டைதான்.

ஆபீசர் போனப்புறம் டீச்சர் என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க என் தோளில் சாய்ஞ்சு சிரிச்சாங்க, அழுதாங்க, ரெண்டும் பண்ணாங்க. அதுக்குள்ளே அந்தப் பொண்ணு வந்து கையை இடுப்பில் வெச்சுக்கினு நின்னாள்.

"டீச்சர், மூட்டையைத் தூக்கத்தான் இதால ஆவுது. பெரிய சார் ரூமுக்கு எப்டி கொண்டுபோறது?"

டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கினு என்னைப் பார்த்தாங்க.

"உருளைக்கட்டை" என்றேன் நான். "மூட்டைக்கு அடியில ரெண்டு மூணு போட்டுத் தள்ளிப் பாப்பமா?"

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா வெச்சா என்ன ஆவும்?" என்றாங்க டீச்சர். கையில் சாக்பீஸ் வந்துடுச்சு. மூணு பேரும் தரையில் உட்கார்ந்துட்டோம்.