ஓட்மார் விடாத ஆர்லெக்கின்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். குடித்துவிட்டு உளறுகிறேன் என்று சொன்னவர்களுக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான்: பொம்மை என் வீட்டில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில், பக்கத்து ஊரான மைசனில் செய்த பழைய பீங்கான் பொருள்களைச் சேர்ப்பவர்களுக்கு என்னையும் தெரியும், ஓட்மாரையும் தெரியும். இருவருக்கும் ஒரே பைத்தியம்: ராஜாக்கள் காலத்தில் செய்த இத்தாலிய நாடகக் கோமாளிப் பொம்மைகள். எந்த ஏலத்துக்குப் போனாலும் அவன் எனக்கு மேலே ஒரு விலை கேட்பான். கட்டம்போட்ட சட்டைக் கோமாளியான ஆர்லெக்கினையும் அப்படித்தான் தட்டிக்கொண்டு போனான். “கெர்லிண்டே, நான் செத்தாலும் இது உனக்கு இல்லம்மா” என்று எல்லார் முன்னாலும் இளித்தான்.

செத்தான். அவன் தம்பி மகன் விற்றான். நான் வாங்கினேன். என் சேகரிப்பில் இல்லாத ஒரே கோமாளி ஆர்லெக்கின்தான். விடுவேனா?

வாங்கி வந்த அன்றே நடந்தது. நவம்பர் மாதம், மாலை 3.40. வெளியே இன்னும் வெளிச்சம். பொம்மையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிங்... டிங்.

கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து. விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பீங்கானை நகத்தால் சுண்டுவோம். எல்லாரும் ஒரு தடவை. ஓட்மார் மட்டும் இரண்டு தடவை.

அலமாரி பூட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

டிங்... டிங். அடுத்த பொம்மை. டிங்... டிங். ஒவ்வொன்றாகத் தேடுகிறான்.

கீழ்த்தட்டு முடிந்தது.

நின்றது.

பிறகு... என் மடியில்.

டிங்... டிங்.

பயந்து செத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

“யோவ் ஓட்மாரு! செத்தும் அடங்க மாட்டியா? ஏலம் முடிஞ்சு போச்சுய்யா!”

பொம்மை இழுபட்டது.

பிடித்தேன்.

இழுத்தான். முகத்தில் ஜில்லென்று மூச்சு...

“என் கையை ஒடிச்சுட்டு எடுத்துக்க! தர மாட்டேன்!”

சட்டென்று விட்டான். நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். பொம்மையில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் பீங்கான் பழுதுபார்க்கும் ரோஸ்விதாவிடம் கொண்டுபோனேன். கவிழ்த்து, உள்கூட்டில் விளக்கடித்தாள். அங்கே ஒரு கட்டைவிரல் ரேகை.

“அந்தக் காலத்துல களிமண்ணை அச்சுல அழுத்தினவன் விரல்தானே?” என்றேன்.

“இல்லக்கா. சூளையில மண்ணு சுருங்கும், ரேகையும் சேர்ந்து சுருங்கும். பழைய பொம்மையில எல்லாம் சின்னப் பிள்ளை விரல் மாதிரிதான் தெரியும். இது சுருங்கவே இல்ல. சுட்டதுக்கு அப்புறம் அழுத்தினது.” அவள் குரல் இறங்கியது. “சுட்ட பீங்கான்ல கத்தியே இறங்காதேக்கா... எதுக்கு வம்பு, வித்துடுங்க.”

விற்கவில்லை.

நேற்று மறுபடி விளக்கடித்துப் பார்த்தேன். ரேகை முன்னைவிட ஆழமாக இருக்கிறது. அவன் இன்னும் பிடியை விடவில்லை.

நானும் விடுவதாக இல்லை.