தடியைத் தட்டிக் கேட்ட ஜெர்மன் முதலாளி

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் நாகர்கோவிலில் இருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். என் பேரன் செல்வின் ஜெர்மனியில் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறான். அந்த மில்லின் முதலாளி யோஹான், மகள் லேனாவோடும் செல்வினோடும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வருடக் கடைசியில் மட்டும்தான் அங்கே மரம் அறுக்கும் வாள் நிற்குமாம். மர அரண்மனையைப் பற்றி செல்வின் சொல்லிச் சொல்லியே அவருக்கு ஆசை வந்துவிட்டது. நான் இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றவன். மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

வாடகைக் கார் பகல் முழுவதற்கும் 1,800 ரூபாய். தக்கலை வழியாக ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். செல்வின் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான். யோஹானின் பாட்டனுக்கு அப்பா ஓடைத் தண்ணீரால் வாளை ஓட்டித் தொடங்கிய மில்லாம். இவர் நான்காம் தலைமுறை. எழுபது வயதிலும் காலையில் மில்லைத் திறப்பவர் அவர்தான். ஒவ்வொரு மரத்தடியையும் உள்ளே பொந்து இருக்கிறதா என்று அவர் தட்டிக் கேட்டுத் தலையாட்டிய பிறகே அது வாளுக்குப் போகும். முதலாளி என்றால் விசிறிக்குக் கீழே இருப்பவர் என்றுதான், காலமெல்லாம் தடி சுமந்த நான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யோஹான் தன் காட்டில் மரக்கன்று நடுவாராம், எண்பது வருடம் கழித்து வெட்டுவதற்கு.

"அது ஆருக்கு?" என்று கேட்டேன். யோஹான் மகளைப் பார்த்தார். அந்தப் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.

"பாட்டா, அதக் கேக்காதீங்க," என்றான் செல்வின். "மில்ல எங்கிட்ட தாங்கன்னு அவ கேக்கா. உனக்கு இன்னும் காது பழகலன்னு இவரு குடுக்க மாட்டேங்காரு. இந்த வருசமும் இல்லன்னா வேற வேலைக்குப் போயிருவேன்னு சொல்லிட்டா."

அரண்மனை வாசல் பூட்டியிருந்தது. பலகையை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்: திங்கட்கிழமை விடுமுறை. வாசித்துவிட்ட சந்தோஷத்தில் ஏமாற்றம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

"திங்களாச்ச லீவாக்கும். நாளைக்கு வாருங்க," என்றார் காவலாளி.

வந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்ப மனமில்லை. நான் முன்பு வேலை பார்த்த மரக்கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே பெரிய பிலாத்தடி, பலா மரத்துத் தடி, ஒன்று கிடந்தது. யோஹான் குனிந்து சுத்தியலால் தட்டி, காதை வைத்து, நல்ல தடி என்று தலையாட்டினார். லேனாவும் தட்டினாள். உள்ளே பொந்து என்றாள்.

வாள் ஓட்டும் தங்கையனுக்குச் சிரிப்பு. "வேய், அப்பனுக்கும் மவளுக்கும் சண்ட மூட்டவா கூட்டிட்டு வந்தீரு? அறுத்துப் பாத்திருவோம். தோத்தவங்க எல்லாருக்கும் சாயா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோஹானின் அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரிந்தது. வாளுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளி என் காதும் மந்தம். ஒன்றும் கேட்காதபோது நானும் அப்படித்தான் வேகமாகத் தலையாட்டுவேன்.

பாதித் தடியில் வாளின் சத்தம் மாறியது. பிளந்தால், உள்ளே கை நுழையும் பொந்து. யோஹான் அதற்குள் கையை விட்டுத் தடவினார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"ரெண்டு வருசமா ஒண்ணும் கேக்கலியாம் பாட்டா," என்றான் செல்வின். "சும்மாதான் தட்டிட்டு இருந்தாராம். லேனா சொல்லுகா, அவளுக்கு அது தெரியுமாம். அவரு வாயால சொல்லட்டும்னு இருந்தாளாம்."

"அப்ப சாயா?" என்றார் தங்கையன். யோஹான்தான் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அரண்மனைக்குள் ஒரே பிலா மரத்தில் செதுக்கிய தூணின் முன் நால்வரும் நின்றோம். மரம் சுமந்த எனக்கு, மரம் இப்படியும் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. லேனா விரலால் லேசாகத் தட்டிக் காதை வைத்தாள். "தட்டப்பிடாது," என்று காவலாளி ஓடி வந்தார். என்ன சத்தம் என்று யோஹான் மகளிடம் கேட்டாராம். அவள் அவர் காதில் வாயை வைத்துச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மில்லைத் திறப்பது லேனா என்று செல்வின் போனில் சொன்னான்.

போகிறவர்களுக்கு: தக்கலைக்கு நாகர்கோவிலில் இருந்து அடிக்கடி பஸ் உண்டு. அரண்மனைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். மதியம் ஒரு மணி நேரம் அடைப்பார்கள். தூணைத் தட்டாதீர்கள். திங்கட்கிழமை போகாதீர்கள். நாங்கள் போனது நல்லதாயிற்று, அது வேறு.